கம்பேக்காம் கம்பேக்!

டிஸ்கி: இது மெட்டாலிகா ரசிகர்களைக் கடுப்பேற்றும் பதிவு. நானும் அந்தக் கட்சியில் கல்லூரிக் காலம் முதல் உறுப்பினர் என்பதால், உள்ளே இருந்துகொண்டே திட்டுகிற உரிமை எனக்கு உண்டு. கிட்டார் சத்தம் கேட்டாலே காத தூரம் ஓடுபவர்களும் தாராளமாகப் படிக்கலாம். இசை ஞானம் தேவையில்லை, வயிற்றெரிச்சல் புரிந்தால் போதும் :-)

எங்கள் ஆபீசில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். ஈரோட்டுப் பக்கம். பெங்களூரில் பொட்டி தட்ட வந்து ஆறு மாசம்தான் ஆகிறது. கருப்பு டி-சர்ட், அதில் மெட்டாலிகா என்று மின்னல் எழுத்து. பார்த்ததும் எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. மதியச் சாப்பாட்டில் பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் மெட்டலில் வந்து நின்றது. அப்போதுதான் அந்த வார்த்தையை உதிர்த்தான்.

"என்ன இருந்தாலும் டெத் மேக்னடிக் மாதிரி ஒரு கம்பேக் ஆல்பம் வரவே இல்லைங்ணா. விழுந்து கிடந்த பேண்டு எந்திரிச்சு நின்னு அடிச்சாங்க பாருங்க!"

"தம்பி, அந்த ஆல்பம் வந்தப்ப உனக்கு என்ன வயசு?"

"ஆறுங்ணா."

அவன் மேல் தப்பில்லை. இன்றைக்கு எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அதுதான் இருக்கிறது. தலைசிறந்த கம்பேக்குகள் பத்து, இருபது, ஐம்பது என்று எவன் எழுதினாலும் 2008 செப்டம்பரில் வந்த டெத் மேக்னடிக்குக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருப்பான். அதே 2008-இல், அதே ஊரிலிருந்து, ஐந்து மாதம் முன்னால் வந்த இன்னொரு ஆல்பத்துக்கு உட்காரத் திண்ணைகூடக் கிடையாது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பஞ்சாயத்து.

முதலில் 'விழுந்து கிடந்த' கதையைப் பார்ப்போம். மெட்டாலிகா எப்போது விழுந்தார்கள்?

த்ராஷ் மெட்டல் என்பது எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிளம்பிய சரக்கு. பங்க் இசையின் வேகத்தையும் பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் இரட்டை கிட்டாரையும் போட்டு அரைத்தது. அதற்குச் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிதான் முக்கியமான உலைக்களம். மெட்டாலிகா லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து, பேஸ் கிட்டார் வாசிக்க கிளிஃப் பர்ட்டன் வேண்டும் என்பதற்காக இந்த ஊருக்கே குடிபெயர்ந்த ஆட்கள். 1991-இல் கருப்பு அட்டை போட்ட ஆல்பம் வந்து உலகமெல்லாம் பிய்த்துக்கொண்டு போனது. 96, 97-இல் லோட், ரீலோட் என்று வேகத்தைக் குறைத்தார்கள், முடியையும் குறைத்தார்கள். 2001-இல் ஜேசன் நியூஸ்டெட் விலகினார், ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு குடியிலிருந்து மீளச் சிகிச்சைக்குப் போனார். 2003-இல் செயின்ட் ஆங்கர் வந்தது. கிட்டார் சோலோ ஒன்றுகூட இல்லை. ஸ்நேர் டிரம்மோ, கல்யாண வீட்டில் அண்டாவைக் கவிழ்த்துப்போட்டுக் கரண்டியால் தட்டுவது மாதிரி இருந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். நானும் கொதித்தேன்.

ஆனால் அந்த அண்டா ஆல்பமே அமெரிக்காவில் முதலிடத்தில்தான் நுழைந்தது. அதன் தலைப்புப் பாட்டுக்கு 2004-இல் கிராமி விருதும் கிடைத்தது. குழுவுக்குள் நடந்த சண்டையைத் தீர்த்துவைக்க வந்த ஆலோசகருக்கு மாதம் 40,000 டாலர் கொடுத்தார்கள். 2004-இல் வந்த அவர்களுடைய ஆவணப்படத்திலேயே அது இருக்கிறது. மாசம் 40,000 டாலர் கொடுத்து சமாதானம் பேசிக்கொள்பவனை 'விழுந்தவன்' என்று சொல்வதற்கு ஒரு மனசு வேண்டும். அவர்களுடைய மதிப்பு கொஞ்சம் அடி வாங்கியது, ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி மெத்தையில் விழுந்து மெத்தையிலிருந்து எழுந்தார்கள்.

சரி, எழுந்து என்ன கொடுத்தார்கள்?

2008 செப்டம்பரில் நான் மடிவாளாவில் மூன்று பேரோடு வீடு எடுத்துத் தங்கியிருந்தேன். எல்லாரும் தரவிறக்கிக் கேட்டுக்கொண்டிருந்த காலம். 'இந்தத் தடவை காசு கொடுத்துத்தான் கேட்பேன்' என்று வைராக்கியமாக சி.டி. வாங்கினேன். பாட்டு ஓடியது. மூன்றாவது நிமிடம் என் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்தேன். ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். பக்கத்து ரூம்காரனின் ஹெட்போனைக் கடன் வாங்கினேன். அவனுடைய ஹெட்போனும் கிழிந்திருந்தது! ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, உலகம் முழுக்க ஆட்கள் இப்படித்தான் ஒயரைப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருந்தார்கள் என்று.

என்ன ஆயிற்று என்பதை நம் பிழைப்பு மொழியிலேயே சொல்கிறேன். சி.டி.யில் ஒலி என்பது வெறும் எண்கள். 16 பிட். உச்ச எண் 32,767. அதற்கு மேல் போக இடம் கிடையாது, அதுதான் கூரை. டிரம்மை ஒரு அடி அடித்தால் அந்த நொடியில் ஒரு கூர்மையான சிகரம் எழும்பி உடனே இறங்கும். அந்தச் சிகரம்தான் அடியை அடியாகக் காட்டுவது. இப்போது மொத்தப் பாட்டையும் சத்தமாக ஆக்கவேண்டும் என்று எல்லாவற்றையும் மேலே தள்ளினால், சிகரமெல்லாம் கூரையில் முட்டி மொட்டையாகிவிடும். மொட்டையான இடத்தில் வருவதுதான் அந்தக் கரகரப்பு. மற்ற பாட்டைவிட நம் பாட்டு ரேடியோவில் உரக்கக் கேட்கவேண்டும் என்று தொண்ணூறுகளிலிருந்தே கம்பெனிகள் நடத்திய போட்டி இது. எல்லாரும் செய்தார்கள். டெத் மேக்னடிக்கில் எல்லை மீறிச் செய்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே சமயத்தில் கிட்டார் ஹீரோ என்ற வீடியோ கேமுக்கும் அதே பாட்டுகளைக் கொடுத்திருந்தார்கள். கேமுக்கு ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகக் கொடுக்கவேண்டும் என்பதால் அந்த ஒலி நசுக்கப்படுவதற்கு முந்தைய நிலையிலிருந்து போயிருக்கிறது. அதில் டிரம் டிரம்மாகவே கேட்டது. அந்தக் கேமிலிருந்து பாட்டை உருவி எடுத்து ஆட்கள் பரப்பினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டு, ஆல்பத்தை மறுபடி கலந்து வெளியிடுங்கள் என்று மனு கொடுத்தார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனே, தன் கைக்கு வரும்போதே அது நசுங்கித்தான் வந்தது என்று சொல்லிவிட்டார். குழுவோ 'எங்களுக்குப் பிடித்திருக்கிறது' என்ற தோரணையில் நகர்ந்துவிட்டது.

இப்போது கணக்கைப் பாருங்கள். காசு கொடுத்து சி.டி. வாங்கிய எனக்குக் கிழிந்த பாட்டு. கேமிலிருந்து உருவித் திருட்டுத்தனமாகக் கேட்டவனுக்கு ஒழுங்கான பாட்டு. இதைச் செய்தது யார்? 2000-இல் நாப்ஸ்டர் மேல் வழக்குப் போட்டு, திருடாதே பாப்பா திருடாதே என்று உலகத்துக்கே வகுப்பெடுத்த அதே மெட்டாலிகா. இவர்களுடைய முதல் டெமோ கேசட் 1982-இல் கைக்குக் கை காப்பி எடுக்கப்பட்டுத்தான் ஊர் ஊராகப் பரவியது என்பது தனிக்கதை.

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைக்கு ரேடியோ செட் கட்டுகிற அண்ணாச்சி ஒருத்தர் உண்டு. விழாக் கமிட்டியில் இளவட்டங்கள் 'இன்னும் கூட்டுங்க, பக்கத்து ஊருக்குக் கேக்கணும்' என்று நச்சரிப்பார்கள். அவர் ஆம்ப்ளிஃபயர் திருகைக் கொஞ்சம் ஏற்றுவார், குழாய் ஸ்பீக்கர் கரகரத்ததும் உடனே இறக்கிவிடுவார். 'துட்டு வாங்கியிருக்கோம்லா, பாட்டு கிழியப்படாது' என்பார். ஒரு நாள் வாடகைக்குக் கட்டிய செட்டுக்கு அவருக்கு இருந்த கூச்சம், கோடிக்கணக்கில் புரளும் இடத்தில் ஒருத்தருக்கும் இல்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

'பாட்டு நல்லாத்தானே இருக்கு' என்பீர்கள். இருக்கிறது. ஆல் நைட்மேர் லாங் இன்றைக்கும் என் காதில் ஓடும். கிர்க் ஹேமட்டை மறுபடி சோலோ வாசிக்கவிட்டார்கள், புண்ணியம். ஆனால் பத்துப் பாட்டுக்குக் கிட்டத்தட்ட 75 நிமிடம். நடுநடுவே யாராவது கத்தரிக்கோல் எடுத்திருக்கலாம். அன்ஃபர்கிவன் பாட்டுக்கு மூன்றாம் பாகம் வேறு. படத்துக்குத்தான் மூணாம் பார்ட் எடுப்பார்கள், பாட்டுக்குமா?

இனி அந்த இன்னொரு ஆல்பம். டெஸ்டமெண்ட். தி ஃபார்மேஷன் ஆஃப் டாம்னேஷன். 2008 ஏப்ரல்.

டெஸ்டமெண்டும் வளைகுடாப் பகுதி ஆட்கள்தான். லெகசி என்ற பெயரில் ஆரம்பித்து, 1987-இல் டெஸ்டமெண்டாக முதல் ஆல்பம் போட்டவர்கள். மெட்டாலிகாவின் கிர்க் ஹேமட்டும் டெஸ்டமெண்டின் அலெக்ஸ் ஸ்கோல்னிக்கும் ஜோ சாட்ரியானி என்ற ஒரே வாத்தியாரிடம் கிட்டார் கற்றவர்கள். ஒருத்தருக்கு அரங்கம் அரங்கமாகக் கூட்டம் வந்தது. இன்னொருத்தரின் குழு எப்போதும் இரண்டாம் வரிசையில்தான் உட்கார்ந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்கோல்னிக் விலகினார். நியூயார்க் போய் ஜாஸ் படித்துப் பட்டம் வாங்கினார். 1994-இல் வந்த லோ ஆல்பத்தோடு பெரிய கம்பெனி ஒப்பந்தமும் முடிந்துபோனது. டிரம்மர்கள் வந்தார்கள், போனார்கள். ஆரம்பம் முதல் கடைசிவரை நகராமல் நின்றது எரிக் பீட்டர்சன் ஒருத்தர்தான். பாடகர் சக் பில்லியும் கூட நின்றார்.

2001-இல் சக் பில்லிக்குப் புற்றுநோய். மார்புக்குள், இதயத்தை ஒட்டிக் கட்டி. நாற்பது வயதுகூட ஆகாத மனுஷன், வயிற்றிலிருந்து காற்றை எடுத்து உறுமுவதே பிழைப்பு. பிழைப்பாரா, பிழைத்தாலும் பாடுவாரா என்பதே கேள்வி.

அந்த ஆகஸ்ட்டில் சான் பிரான்சிஸ்கோவில் அவருடைய சிகிச்சைக்காக ஒரு நிதி திரட்டும் கச்சேரி நடந்தது. த்ராஷ் ஆஃப் தி டைட்டன்ஸ் என்று பெயர். டெத் என்ற குழுவின் சக் ஷுல்டினரும் அப்போது மூளைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார்; அவருக்கும் சேர்த்துத்தான். எக்ஸோடஸ் வந்தார்கள், பழைய பாடகர் பால் பேலாஃபோடு. பத்து வருஷமாகக் கலைந்து கிடந்த டெத் ஏஞ்சல் அதற்கென்றே ஒன்று கூடினார்கள். லெகசி என்ற பழைய பெயரில், சக் பில்லிக்கு முன்னால் பாடிய ஸ்டீவ் சூஸாவை வைத்துக்கொண்டு டெஸ்டமெண்ட் ஆட்களும் ஏறினார்கள். ஸ்கோல்னிக்கும் வந்தார்.

ஷுல்டினர் அந்த டிசம்பரில் இறந்துபோனார். கச்சேரியில் ஆட்டம் போட்ட பால் பேலாஃப் 2002 பிப்ரவரியில் பக்கவாதத்தில் போய்விட்டார். சக் பில்லி பிழைத்தார். ஒரு நாள் கூத்துக்காகக் கூடிய டெத் ஏஞ்சல் கலையவே இல்லை. 2004-இல் பதினான்கு வருஷம் கழித்து ஆல்பம் போட்டார்கள். எக்ஸோடஸும் அதே 2004-இல், பேலாஃபை அடக்கம் செய்த துக்கத்தோடு, ஸ்டீவ் சூஸாவைப் பாடவைத்து டெம்போ ஆஃப் தி டாம்ன்ட் போட்டார்கள். கேட்டுப் பாருங்கள், சுவர் இடிகிற ஆல்பம். ஆஸ்பத்திரிச் செலவுக்குத் துண்டு ஏந்திய ஒரு ராத்திரியிலிருந்து மூன்று குழுக்கள் எழுந்து வந்தன. கம்பேக் என்றால் இதைத்தானய்யா சொல்லவேண்டும்!

டெஸ்டமெண்டுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. 2005 வாக்கில் பழைய கூட்டாளிகள் மேடைக்குத் திரும்பினார்கள். முழுப் புது ஆல்பம் வந்தது 2008-இல், தி கேதரிங் வந்து ஒன்பது வருஷம் கழித்து. ஸ்கோல்னிக், கிரெக் கிறிஸ்டியன், ஸ்லேயரில் வாசித்த பால் போஸ்டாஃப். மொத்தமே ஐம்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மோர் தேன் மீட்ஸ் தி ஐ ஆரம்பிக்கும்போது சக் பில்லியின் குரலைக் கவனியுங்கள். எண்பதுகளில் இருந்த குரல் அதிலும் இருக்கிறது, தொண்ணூறுகளில் கற்ற உறுமலும் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிதானம் புதிதாக இருக்கிறது. ஸ்கோல்னிக்கின் சோலோக்களில் ஜாஸ் வாடையே அடிக்காது. ஆனால் எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்த கை அது. அந்தப் படிப்பு அதில்தான் தெரிகிறது. ஒலி? இதுவும் சத்தமான ஆல்பம்தான், காலத்தின் வழக்கம். ஆனால் ஆண்டி ஸ்னீப்பின் கலவையில் டிரம் டிரம்மாக, கிட்டார் கிட்டாராகத் தனித்தனியாக நிற்கின்றன. நான் ஒயரைப் பிடுங்கவேண்டி வரவில்லை.

எங்கள் மாமா ஒருத்தர் அரசு பஸ் டிரைவர். கழுத்தில் கட்டி வந்து ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, எட்டு மாதம் கழித்து விடிகாலை நாலரை டிரிப்புக்கு மறுபடி ஸ்டியரிங் பிடித்தார். அன்றைக்கு அவரை வழியனுப்ப அத்தை மட்டும்தான் எழுந்திருந்தாள். லீவில் ஊருக்குப் போயிருந்த நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 'கம்பேக்' என்ற வார்த்தையை எவனாவது சல்லிசாக வீசும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான் என்று நினைக்கிறேன். மாமா திரும்பி வந்தார். சக் பில்லி திரும்பி வந்தார். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் குடியிலிருந்து திரும்பி வந்தவர்தான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் திரும்புதல் நடந்து முடிந்து கிடைத்தது செயின்ட் ஆங்கர். அதை எல்லாரும் காறித் துப்பினோம். ஐந்து வருஷம் கழித்து சோலோவும் வேகமும் திரும்பி வந்ததும் 'ஆஹா, கம்பேக்' என்றோம். ஆக நாம் கம்பேக் என்பது மனுஷன் திரும்பியதை அல்ல, நமக்குப் பிடித்த பழைய சத்தம் திரும்பியதை.

'விற்பனையைப் பாருங்ணா' என்று ஈரோட்டுத் தம்பி கடைசி அஸ்திரத்தை விட்டான். அமெரிக்காவில் மட்டும் முதல் மூன்று நாளில் 4,90,000 பிரதி. உண்மைதான். அந்த எண்ணை எதிர்த்து டெஸ்டமெண்டிடம் எந்த எண்ணும் இல்லை. ஆனால் தம்பி, கடையில் கூட்டம் நிறைய இருந்தால் கடை மறுபடி திறந்தது என்று அர்த்தமா? அது மூடவே இல்லை என்றுதானே அர்த்தம்!

நேர்மையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். 2011 அக்டோபரில் குர்கானில் நடக்கவிருந்த மெட்டாலிகா கச்சேரி ரத்தாகி ரகளையாகி, இரண்டு நாள் கழித்து 30-ஆம் தேதி பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அவர்கள் வாசித்தபோது, கூட்டத்தில் நானும் இருந்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. டெஸ்டமெண்டுக்காக இவ்வளவு பேசுகிற நான் அவர்களை இதுவரை நேரில் பார்த்ததில்லை. நீங்கள் என்னைக் கேலி செய்ய இதுவே போதும், செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு தகவலையும் தம்பியிடம் சொன்னேன். 2020 தொடக்கத்தில் டெஸ்டமெண்ட், எக்ஸோடஸ், டெத் ஏஞ்சல் மூன்று பேரும் சேர்ந்தே ஐரோப்பாச் சுற்றுப்பயணம் போனார்கள். 2001 ஆகஸ்ட் ராத்திரியின் அதே கூட்டணி. மார்ச்சில் வீடு திரும்பும்போது கொரோனாவையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சக் பில்லிக்கும் வந்தது, தேறினார். டெத் ஏஞ்சல் டிரம்மர் வில் கேரல் கோமாவுக்கே போய்விட்டுக் கண் விழித்தார். அடுத்த மாதம் டெஸ்டமெண்டின் டைட்டன்ஸ் ஆஃப் கிரியேஷன் வெளியானது. அதை யாரும் கம்பேக் என்று எழுதவில்லை. அவர்கள்தான் எங்கேயும் போகவில்லையே.

பையன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். ஃபார்மேஷன் ஆஃப் டாம்னேஷன், டெம்போ ஆஃப் தி டாம்ன்ட் இரண்டுக்கும் லிங்க் அனுப்பியிருக்கிறேன். 'வீக்கெண்டு கேட்கிறேனுங்ணா' என்றான். இரண்டு வீக்கெண்டு போய்விட்டது. இன்றைக்கு லிஃப்டில் பார்த்தேன், என்னைக் கண்டதும் ஹெட்போனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று நான் கேட்கவில்லை.